பூவரசந் தடியும் உப்புநீர் விளக்கும்

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தரம் 7 இல் படிக்கிறாள். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா, ஆங்கிலம் பழகட்டும் என்று ஹரி பொட்டர் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவிரவாகப் படித்தாள். பிறகு பூவரசந் தடி ஒன்றைச் சீவி எடுத்து, ஏதோ மந்திரம் சொல்லி ஆட்டுக்குட்டியைத் தட்டி விளையாடத் தொடங்கினாள். அதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது, "உப்புத் தண்ணீரில் விளக்கு எரிகிறது என்பது உண்மையா, அல்லது இந்தக் கதையில் வருகிற மந்திரம் போலத்தானா?" என்று சனத்துக்கு நடுவில் கேட்டாள். மாமியார் அவளுடைய வாயைப் பொத்தினார். அன்றிலிருந்து திருநீறு பூச மறுக்கிறாள். சபைக்குப் போகிற என் மச்சாள், அது பிசாசின் புத்தகம், எரித்துவிடு என்கிறார். மாமியாரோ, எங்கள் பிள்ளைகளைச் சமயம் மாற்ற வெள்ளைக்காரர் எழுதியது என்கிறார். புத்தகங்களை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இன்னொன்றும் எழுத வேண்டும். "கதையில் அம்மா தன் உயிரைக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிறார். அம்மாளாச்சி ஏன் மாமாவைக் காப்பாற்றவில்லை?" என்று ஒருநாள் கேட்டாள். 2009 இல் காணாமல் போன என் தம்பியைத்தான் கேட்டாள். அப்படியெல்லாம் கேட்பது தெய்வக் குற்றம் என்று சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட கதைகள் பிள்ளைகளின் சமய நம்பிக்கையைக் கெடுத்துவிடுமா?

ஒரு தாய், ஒட்டுசுட்டான் பகுதி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் புத்தகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எரிக்க வேண்டாம். ஒளித்து வைப்பதும் வேண்டாம். நீங்கள் எரித்தால் அவளுக்கு ஒரு செய்தி போகும்: நம் வீட்டுத் தெய்வம் ஒரு கதைப் புத்தகத்துக்குப் பயப்படுகிறது என்று. அந்த எண்ணம் அவள் படித்த எந்தப் பக்கத்தையும் விட ஆழமாக அவளுக்குள் இறங்கும்.

ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொள்வோம். தடியால் தட்டி மந்திரம் சொன்ன பிறகு அவள் என்ன செய்தாள்? குட்டி மறைந்துவிட்டதா என்று தேடவில்லை. மறையவில்லையே என்று அழவும் இல்லை. நீங்களும் சிரித்துக்கொண்டு பார்த்திருந்ததாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டு எது, மெய் எது என்று பிள்ளைகள் மூன்று நான்கு வயதிலேயே பெரும்பாலும் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறார்கள். மண்ணில் சோறு சமைத்து அம்மாவுக்குக் கொடுக்கிற குழந்தை, அம்மா அதை உண்மையாகவே வாயில் போட்டால் திடுக்கிட்டுப் போகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த அறிவு நன்றாக முற்றியிருக்கும். உங்கள் மச்சாள் இதைச் சூனியத்தோடு சேர்த்துப் பார்க்கிறார். செய்வினைப் பயம் ஊறிய ஊர்களில் மந்திரம் என்ற சொல்லே நெஞ்சைப் பதறவைக்கும். அந்தப் பயத்தை நான் இகழவில்லை. ஆனால் உங்கள் மகளிடம் இருப்பது ஒரு பூவரசந் தடிதான். அதை அவள் தன் கையாலேயே சீவினாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தப் பயம் உங்கள் வீட்டில் மட்டும் பிறந்ததல்ல. அந்தக் கதைத் தொடரின் முதல் புத்தகம் 1997 இல் வந்தது. 2000 முதல் 2009 வரையான பத்தாண்டில் அமெரிக்க நூலகங்களிலும் பாடசாலைகளிலும் அகற்றும்படி அதிகம் கேட்கப்பட்ட புத்தகங்களின் பட்டியலில் அந்தத் தொடரே முதலிடத்தில் இருந்தது. சூனியத்தைக் கற்பிக்கிறது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அலமொகோர்டோ என்ற ஊரில், 2001 டிசம்பர் கடைசியில், ஒரு சபையார் அவற்றைக் குவித்துத் தீ வைத்தார்கள். அதே தொடரின் கடைசிப் பாகத்தில் நாயகனுடைய தாய் தந்தையரின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பது விவிலிய வாசகம்: கடைசியாக அழிக்கப்படும் எதிரி மரணமே என்று பவுல் எழுதியது. உங்கள் மச்சாளுக்கு இதைச் சொல்லுங்கள். வாதம் செய்து வெல்வதற்காக அல்ல. அவர் அந்தப் பிள்ளை மேல் உண்மையான அக்கறை கொண்டவர். எதற்குப் பயப்படுகிறோம் என்பதை ஒருமுறை திறந்து பார்க்க அவருக்கும் உரிமை இருக்கிறது.

கதைகளுக்குச் சமய நம்பிக்கையை அசைக்கும் வலு அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய். நார்னியாக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் இளமையில் நாத்திகர். பதின்ம வயதில் படித்த ஒரு மாயக் கதை தன் கற்பனைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது என்று பின்னாளில் எழுதினார். ஆனால் அவர் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தது 1931 இல். இடையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், ஒரு உலகப் போர், அதில் பட்ட காயம், நண்பர்களோடு இரவு முழுவதும் பேசிய பேச்சுகள். கதை விதையாக விழுந்திருக்கலாம். முளைக்க வைத்தவர்கள் மனிதர்கள். எதிர்ப்பக்கத்திலும் எழுத்தாளர்கள் உண்டு. பிலிப் புல்மன் திருச்சபையின் அதிகாரத்தைச் சாடியே சிறுவர் மாயக் கதை எழுதினார். அன்றைய கன்டபரிப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் 2004 இல் அவரோடு ஒரே மேடையில் அமர்ந்து பேசினார். அந்தக் கதைகளைச் சமய பாட வகுப்பிலேயே எடுத்துப் பேசலாம் என்றும் சொன்னார். ஒரு பெரிய சமயத்தின் தலைமையில் இருந்தவர் ஒரு கதையின் முன்னால் பதறாமல் நின்ற விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உங்கள் கேள்வியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட ஓர் ஆய்வும் இருக்கிறது. பொஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்லீன் கொரிவோவும் அவருடைய குழுவினரும் 2014 இல் வெளியிட்டார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சில சிறு கதைகளைச் சொல்லி, இந்த ஆள் உண்மையில் இருந்தவரா, கற்பனையா என்று கேட்டார்கள். அற்புதங்கள் நிறைந்த கதைகளில் வருகிறவர்களையும் உண்மையானவர்களாக எடுத்துக்கொள்ளும் போக்கு சமயச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது. அதாவது, கதை பிள்ளையின் நம்பிக்கையை மாற்றவில்லை. பிள்ளை ஏற்கெனவே கொண்டிருந்த நம்பிக்கைதான் கதையைப் படிக்கும் விதத்தை மாற்றியது.

உங்கள் மகளிடம் நடந்திருப்பதும் இதற்கு அண்மையானதுதான் என்று நினைக்கிறேன். அவள் அற்புதங்களை முதலில் அறிந்தது கனடாப் புத்தகத்தில் அல்ல. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டது, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்து கரையேறியது, சம்பந்தர் எலும்பிலிருந்து பூம்பாவையை எழுப்பியது எல்லாம் அவள் சமய பாடத்தில் படித்தவை. அவை ஏற்கெனவே மனத்தில் இருப்பதால்தான் புதிதாக வந்த மந்திரத்தை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளை இரண்டையும் பெரிதாக எண்ணுகிறாள் என்றுதான் அர்த்தம். அக்கறையில்லாத பிள்ளை பொங்கலுக்குப் போன இடத்தில் கச்சான் வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் வந்திருக்கும்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நம்முடைய கதைகளைப் பரீட்சை வினாக்களாக்கி வைத்திருக்கிறோம். யார் யாருக்குக் கூறியது, எந்தத் தலத்தில் நிகழ்ந்தது, ஐந்து புள்ளிகள். பிள்ளை போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் படிக்கிற கதையோடு இது எப்படிப் போட்டியிடும்? வற்றாப்பளைக் கதையை அவளுக்கு யாராவது முழுதாக, விளக்கை அணைத்துவிட்டு, ஆறுதலாகச் சொல்லியிருக்கிறீர்களா? அந்தக் கதையின் நாயகர்களே சிறுவர்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்கிறாள். அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். இருட்டுகிறது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை அள்ளி ஊற்றி ஏற்றுங்கள் என்கிறாள், எரிகிறது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். கூந்தலை விலக்கிப் பார்த்தால் தலை முழுவதும் கண்கள், ஆயிரம் கண்கள். பயந்து விலகித் திரும்பிப் பார்ப்பதற்குள் கிழவியைக் காணவில்லை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாப்பளை என்றிருந்து, பிறகு வற்றாப்பளையானது என்றும் சொல்வார்கள். இதைச் சிறுவயதில் என் அம்மம்மா சொல்லக் கேட்ட இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. யாராவது என்னிடம் பேன் பார்க்கச் சொன்னால் பல நாட்களுக்கு ஓடி ஒளிந்தேன்.

விளக்கு உண்மையில் எரிகிறதா என்று அவள் மறுபடியும் கேட்டால் என்ன சொல்வது? உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். பார்த்திருந்தால் பார்த்ததைச் சொல்லுங்கள். நம்புகிறீர்கள் என்றால் நம்புகிறேன் என்று சொல்லுங்கள். விளங்காத இடத்தில் எனக்கு விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். நிரூபிக்கப் போகாதீர்கள். அதோடு, தடிக்கும் விளக்குக்கும் உள்ள வேறுபாட்டை அவளையே கண்டுபிடிக்க விடுங்கள். கதையில் வருகிற தடிக்காக எவரும் விரதம் இருப்பதில்லை. அந்த விளக்குக்காகக் கடலில் தீர்த்தம் எடுக்க மேளத்தோடு சனம் நடக்கிறது. பிள்ளை சுகமாகப் பிறந்தால் பொங்குகிறேன் என்று நேர்ந்தவர்கள் புதுப் பானையோடு வருகிறார்கள். இடம்பெயர்ந்து எங்கெங்கோ சிதறிப் போனவர்கள் பொங்கல் நடக்கிற அந்த ஒரு திங்கட்கிழமைக்காகத் திரும்பி வருகிறார்கள். ஒரு கதையைச் சுற்றி இத்தனை மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைக்கும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். சகோதரி, நீங்கள் இன்னொன்றும் எழுத வேண்டும் என்று ஓரமாக எழுதியதுதான் முழுக் கடிதமும் என்று எனக்குப் படுகிறது.

அவள் மாமாவைக் கண்டதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே அவர் இல்லை. ஆனால் அவரைச் சுற்றியுள்ள மௌனத்துக்குள்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். படத்துக்கு மாலை போடவும் முடியாமல், போடாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாமல் இருக்கிற வீடுகள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் நேராகக் கேட்பதில்லை. கேட்டால் அம்மா அழுவாள் என்று சிறுவயதிலேயே படித்துக்கொள்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளில் பிள்ளைகளோடு பேசி வருகிறேன். இந்தக் கேள்வி அவர்களிடமிருந்து படமாக வந்திருக்கிறது, வயிற்று நோவாக வந்திருக்கிறது, காரணமில்லாத கோபமாக வந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு ஒரு கதை சொற்களைக் கொடுத்திருக்கிறது. தாய் தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை என்று படித்தவுடன், காப்பாற்றப்படாத ஒருவர் நம் வீட்டில் இருக்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. புத்தகம் அந்தக் கேள்வியை உண்டாக்கவில்லை. அவளுக்குள் இருந்ததை வெளியே எடுக்க ஒரு வாசல் திறந்தது, அவ்வளவுதான்.

அதைத் தெய்வக் குற்றம் என்றீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நேரத்தில் உங்கள் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் கும்பிடுகிற அம்மாளாச்சி யார் என்று நினைவுபடுத்த விரும்புகிறேன். கணவன் வெட்டுண்டு கிடந்த மதுரைத் தெருவில் நின்று கண்ணகி கேட்டதைச் சிலப்பதிகாரம் இப்படிச் சொல்கிறது:

"வைவாளின் தப்பிய மன்னவன் கூடலில்
தெய்வமும் உண்டுகொல் தெய்வமும் உண்டுகொல்"

தெய்வம் இருக்கிறதா, தெய்வம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படிக் கேட்டவளைத்தான் நாம் தெய்வமாக்கிப் பொங்கல் பொங்குகிறோம். உங்கள் மகள் கேட்டது அவளுடைய கேள்வியே. அந்தச் சந்நிதியில் அந்தக் கேள்வி குற்றமென்றால் வேறெங்கே போய்க் கேட்பது?

நம் மண்ணில் கேள்வியும் கும்பிடலும் என்றுமே பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மன்னார் மடுத் தேவாலயத்து மாதாவின் திருச்சுருபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். சனத்தோடு மாதாவும் இடம்பெயர்ந்தார். அதைக் கண்டு நம்பிக்கை இழந்தவர்களும் இருப்பார்கள். மாதாவும் நம்மைப் போலத்தானே என்று இன்னும் நெருங்கியவர்களும் இருப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று தங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றல். பிள்ளை எங்கே என்று கேட்பதற்கு அந்தத் தாய்மார் கோயில் வாசலைத்தான் தேர்ந்தார்கள்.

ஆகவே அவளோடு பேசுங்கள். பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. என்னிடமும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "நானும் அதைக் கேட்டிருக்கிறேன் பிள்ளை" என்று சொன்னால் போதும். நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். பிறகு தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள். எந்தக் குளத்தில் நீந்தப் பழகினார், எந்தப் பாடத்தில் அடி வாங்கினார், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார். அவர் எப்படிப் போனார் என்பதை ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. அவள் கேட்கிற அளவுக்கு, உங்களால் முடிகிற அளவுக்கு. நீங்கள் அழுதால் அழுங்கள். அழுகைக்குப் பிறகும் அம்மா எழுந்து தேநீர் வைப்பாள் என்று அவள் கண்டுகொள்வது நல்லது.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அமெரிக்காவில் வேர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 3,500 க்கும் மேற்பட்டவர்களைத் தலைமுறை தலைமுறையாக, 1970 தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, சமய நம்பிக்கை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று பார்த்தார். 2013 இல் நூலாக வெளியிட்டார். பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தார்கள் என்பது மட்டும் போதவில்லை. பெற்றோரோடு, குறிப்பாகத் தகப்பனோடு, நெருக்கமாக உணர்ந்த பிள்ளைகளிடம்தான் அது அதிகம் தங்கியது. அங்குள்ள குடும்பங்கள் வேறு, நம்முடைய குடும்பங்கள் வேறு. ஆனாலும் நான் இங்கே காண்பதோடு இது ஒத்துப்போகிறது. வயல் வேலை முடிந்து அவர் ஒரு மாலை அவளை ஏற்றிக்கொண்டு தான்தோன்றீஸ்வரர் கோயிலடிக்குப் போகட்டும். கோயிலுக்குள் போக வேண்டும் என்றுகூட இல்லை. அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்கட்டும். அவள் சொல்வதை முடியும்வரை கேட்கட்டும்.

திருநீற்றை வற்புறுத்த வேண்டாம். அவள் மறுத்தது வாயைப் பொத்திய நாளிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கதையைப் படித்த நாளிலிருந்து அல்ல. அவளுக்குக் கோபம் தெய்வத்தின் மேல் அல்ல. சனத்துக்கு நடுவில் வெட்கப்படுத்தப்பட்டாள். மாமியாரிடம் அதைப் பக்குவமாகச் சொல்ல உங்களால் முடியும். அவரே ஒருநாள் அவளைப் பக்கத்தில் இருத்தி ஆயிரம் கண் கதையைச் சொன்னால் பாதிக் காயம் ஆறிவிடும். திருநீற்றுக் கிண்ணம் அது தொங்குகிற இடத்திலேயே தொங்கட்டும். அவள் மறுபடியும் பூசலாம், பூசாமல் வேறு வழியாகவும் வரலாம், வராமலும் போகலாம். நம்பிக்கை அவளுடையது. எப்படி முடியும் என்று இப்போதே உறுதி கேட்டு அவளையும் உங்களையும் வருத்திக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பல நாட்களாகத் தூங்காமல் இருந்தால், சாப்பாட்டை வெறுத்தால், சினேகிதிகளை விட்டு ஒதுங்கினால், மாமா போன இடத்துக்குப் போக வேண்டும் என்பது போலப் பேசினால் காத்திருக்க வேண்டாம். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடமோ அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ உடனே பேசுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கே நெல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து புத்தகங்களை எடுங்கள். தூசி தட்டி அவளுடைய கையிலேயே கொடுங்கள். ஒளித்து வைத்தது நான்தான் என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் விட்டாள் என்று கேட்டு, அந்த இடத்திலிருந்து உங்களுக்கு வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்